டோரிக்குப் போட்ட வோட்டு இனி யாருக்கு?

2019 டிசம்பரில் டோரி என்கிற கன்சர்வேட்டிவ் கட்சிக்கு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் 365 இடங்கள். 2024 ஜூலையில் 121. இடையில் கழன்றுகொண்ட கூட்டத்தில் நானும் உண்டு. லண்டனில் கடை வைத்திருக்கிற, வீட்டுக் கடன் கட்டுகிற தமிழர்களில் டோரிக்குப் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் கூடுமிடத்தில் இப்போது இந்தக் கேள்விதான் ஓடுகிறது: அடுத்து யாருக்கு? ரிஃபார்ம், லேபர், லிபரல் டெமாக்ரட், இல்லையென்றால் பழையபடி டோரி. நாலு கட்சியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். சொன்ன கணக்கும் நடந்த கணக்கும் ஒத்துவந்தனவா?

முதலில் டோரி. "காசு விஷயத்தில் நாங்கள் கவனம்" என்று சொல்லித்தான் அந்தக் கட்சி வோட்டு வாங்கிவந்தது. 2022 செப்டம்பர் 23 அன்று பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸின் டோரி அரசு, காசு எங்கிருந்து வரும் என்று சொல்லாமலே சுமார் 45 பில்லியன் பவுண்ட் வரிக் குறைப்பை அறிவித்தது. சில நாளில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து கடன்பத்திரங்களை வாங்கி நிலைமையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் வீட்டுக் கடனுக்கான இரண்டு வருட ஃபிக்ஸ்ட் வட்டியின் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டு லட்சம் பவுண்ட் கடன், 25 வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீத வட்டிக்கு மாதம் ஏறக்குறைய 850 பவுண்ட். 6 சதவீதத்துக்கு 1,290. உலக அளவிலும் வட்டி ஏறிக்கொண்டிருந்த காலம்தான், எல்லாப் பழியையும் ட்ரஸ் தலையில் போட முடியாது. ஆனால் ஏறுகிற நெருப்பில் எண்ணெய் விட்டது யார் என்று வங்கிக் கடிதம் வந்த வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

குடிவரவிலும் இதே கதை. வருடத்துக்கு நிகரக் குடிவரவை, அதாவது வருகிறவர்களில் போகிறவர்களைக் கழித்த எண்ணிக்கையை, ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று 2010இல் டோரித் தலைவர் டேவிட் கேமரன் சொன்னார். 2023 ஜூனுடன் முடிந்த ஆண்டில் அது 9 லட்சத்தைத் தாண்டியது. முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் கேர் வேலைக்கு விசா கொடுத்துக் கூப்பிட்டதும் இவர்கள்தான். கூட்டம் கூடிவிட்டது என்று 2024 மார்ச்சிலிருந்து அதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் கதவடைத்ததும் இவர்கள்தான். குறைக்கச் சொன்னவனுக்கும் ஏமாற்றம், வந்தவனுக்கும் அவமானம்.

இந்தக் கோபத்தை அறுவடை செய்வது ரிஃபார்ம். 2024இல் 14.3 சதவீத வாக்கு, ஐந்து இடம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் கென்ட் உட்படப் பத்துக் கவுன்சில்கள். "டோரியைத் தண்டிக்க இதுதான் வழி" என்பார்கள். சரி, உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்: லீ ஆண்டர்சன், ஆண்ட்ரியா ஜென்கின்ஸ், நாடின் டோரிஸ், டேனி க்ரூகர். எல்லாம் நாம் வெளியே அனுப்பிய அதே டோரி வீட்டு ஆட்கள். கணக்கும் அதே கணக்கு. வருமான வரி இல்லாத தொகையை 12,570இலிருந்து 20,000 பவுண்டாக்குவோம் என்று 2024இல் சொன்னார்கள். ஒத்துவராத கணக்கு என்று, அரசின் வரவுசெலவை ஆராயும் ஐ.எஃப்.எஸ். நிறுவனம் அப்போதே சொன்னது. 2025 நவம்பரில் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜே அந்தப் பெரிய வரிக் குறைப்புகளிலிருந்து பின்வாங்கினார். ஆட்சிக்கு வருமுன்பே!

இதைவிட நமக்கு நெருக்கமான விஷயம் நிரந்தர வதிவிட உரிமை. அதை ஒழித்துவிட்டு ஐந்து வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கிற விசா தருவோம், ஏற்கெனவே அந்த உரிமை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருக்கிற நம் ஆட்கள் சிலர் இதைக் கேட்டுத் தலையாட்டுவதுதான் எனக்குப் புரியாத புதிர்.

2024இல் ஆட்சிக்கு வந்த லேபர் மேல் கடைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். வேலையாள் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 2025 ஏப்ரலில் 13.8இலிருந்து 15 சதவீதமானது. கட்டத் தொடங்கும் சம்பள வரம்பும் 9,100இலிருந்து 5,000க்கு இறங்கியது. "எங்களைக் கொன்றுவிட்டார்கள்" என்ற குரலை எல்லாக் கடையிலும் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். கூடவே சிறு நிறுவனங்கள் இந்தத் தொகையில் கழித்துக்கொள்ளும் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் 5,000இலிருந்து 10,500 பவுண்டாக ஏறியது. 25,000 பவுண்ட் சம்பளத்தில் மூன்று பேர் வேலை செய்யும் கடை முன்பு வருடத்துக்கு ஏறக்குறைய 1,580 பவுண்ட் கட்டியது. இப்போது அந்த வகையில் ஒன்றுமே இல்லை. அடி விழுந்தது இதைவிடப் பெரிய இடங்களுக்கு. ஆகவே இந்தக் குற்றச்சாட்டை நான் பாதி தள்ளுபடி செய்கிறேன். முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவியை 2024 ஜூலையில் வெட்டி, 2025 ஜூனில் பெரும்பாலானோருக்குத் திருப்பிக் கொடுத்ததைத் தள்ளுபடி செய்ய முடியாது. நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருடம் போதாது, பத்து வருடம் வேண்டும் என்று இவர்களும் பேசுகிறார்கள். கணக்கில் டோரியைவிட ஒழுங்கு; நெஞ்சுரம் இல்லை.

லிபரல் டெமாக்ரட்டை நம் ஆட்கள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதன் தலைவர் எட் டேவி 2024 தேர்தல் நேரத்தில் ஏரியில் விழுந்ததும் பஞ்ஜி கயிற்றில் குதித்ததும்தான் ஞாபகம். ஆனால் முன்னாள் டோரிப் பிரதமர்களான தெரசா மேயின் பழைய தொகுதி மெய்டன்ஹெட்டும் கேமரனின் பழைய தொகுதி விட்னியும் இப்போது இவர்கள் கையில். 2024இல் வாக்கு 12.2 சதவீதம், ரிஃபார்மைவிடக் குறைவு, இடங்களோ 72. எங்கே ஜெயிக்க முடியுமோ அங்கே மட்டும் உழைத்தார்கள். பழைய பாவம் ஒன்று உண்டு: பல்கலைக்கழகக் கட்டணத்தை ஏற்ற விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, டோரியோடு சேர்ந்த கூட்டணி அரசில் அதை 9,000 பவுண்டாக்கத் துணை போனார்கள். 2015இல் 57 இடம் எட்டாகச் சுருங்கியது. தண்டனை அனுபவித்துவிட்ட கட்சி என்பேன். தேசியப் பொருளாதாரத்தில் பெரிய வங்கி, பெரிய டெக் கம்பெனி மீது வரி என்பதைத் தாண்டி உருப்படியாக அதிகம் இல்லை. ஆனால் கிங்ஸ்டன், சட்டன் பக்கம் கவுன்சில் வேலைக்கு இவர்கள் புதியவர்களல்ல. சட்டன் முப்பது வருடத்துக்கும் மேலாக இவர்களிடம்.

மறுபடி டோரிக்கே போவதா? லண்டனின் ஹாரோ ஈஸ்ட் தொகுதியில் டோரி எம்.பி. பாப் பிளாக்மன் 2024லும் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினார். ஆளைப் பார்த்துப் போடும் சனம் அங்கே மாறவில்லை, அதில் தப்பும் இல்லை. கட்சியைப் பார்த்தால், ட்ரஸ் பட்ஜெட் தங்கள் நம்பகத்தைக் கெடுத்ததென்று 2025 ஜூனில் கட்சியின் நிழல் நிதியமைச்சர் மெல் ஸ்ட்ரைட் ஒப்புக்கொண்டார். நல்லது. அக்டோபரில் கட்சித் தலைவர் கெமி பேடனாக், குடியிருக்க வாங்கும் வீட்டுக்கான ஸ்டாம்ப் டியூட்டி வரியையே எடுத்துவிடுவோம் என்றார். அதற்கு ஆதாரமாக 47 பில்லியன் பவுண்ட் செலவுக் குறைப்பைக் காட்டினார்கள். அதில் ஏறக்குறையப் பாதி அரசு உதவித்தொகைகளில் கை வைப்பது. 14 வருடம் ஆட்சியில் இருந்தபோது ஏன் கண்ணில் படவில்லை?

இப்போதைக்கு என் முடிவு: கவுன்சில் தேர்தலில் லிபரல் டெமாக்ரட். பொதுத் தேர்தலில், என் தொகுதியில் ரிஃபார்மைத் தோற்கடிக்கும் நிலையில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு. அது டோரியாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு டோரிக்கே.