மானோ, போ, ஓபோ பழக்கும் பட அட்டைகள்: வாங்கலாமா?

பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்குப் பெரியவர்களை மதிக்கும் முறைகளைச் சொல்லித்தரும் 24 பட அட்டைகள். மானோ என்பது பெரியவரின் புறங்கையில் நெற்றியை வைத்து ஆசி வாங்குவது. ‘போ’ என்பது பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழிப் பேச்சில் சேர்க்கும் மரியாதைச் சொல், ‘ஓபோ’ மரியாதையான ‘ஆம்’. தடித்த தாள், மழுங்கிய முனை. 4 வயதிலிருந்தே கையில் கொடுக்கலாம்.

மானோ பகுதிதான் இதன் பலம். 5 அட்டைகளில் படிப்படியாக வருகிறது: பிள்ளை பெரியவரின் எதிரே வந்து ‘மானோ போ’ என்று கேட்பது, அவர் நீட்டும் வலது கை விரல்களை அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது, குனிவது, புறங்கையில் நெற்றியை மெல்ல வைப்பது, நிமிர்ந்தபின் கையை விடுவது. உதடு படக்கூடாது என்பதற்குத் தனிக்குறிப்பு உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் குனியாமல், பெரியவர் கையை இழுத்துத் தங்கள் நெற்றிக்குத் தூக்குவார்கள். தோள்வலியுள்ள லோலாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அது பெரிய வேதனை. ஓவியர் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்: படத்தில் லோலாவின் முழங்கை மடியை விட்டு எழவே இல்லை, பேரன்தான் இடுப்பை வளைத்துக் குனிகிறான்.

பெரிய குறை, பெரியவர் செய்யவேண்டியது எதுவும் இதில் இல்லை. நெற்றி பட்டதும் அவர் ‘காஅவாஅன் கா நங் தியோஸ்’ என்று கடவுளின் இரக்கத்தை வேண்டி வாழ்த்துவார். அந்த வாழ்த்து கிடைக்காத பிள்ளை நாலு நாளில் மானோவை மறந்துவிடும். பெற்றோர் முதலில் தாத்தா பாட்டியிடம் சொல்லிவைப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும், கிளம்பும்போதும், ஞாயிறு பூசை முடிந்ததும், கிறிஸ்துமஸில் ஞானப்பெற்றோரைப் பார்க்கும்போதும் செய்யவைத்தால் தானாகப் பழகும். பலர் இருந்தால் மூத்தவரிடமிருந்து தொடங்கவேண்டும்.

‘போ’ அட்டைகள் சுமார்தான். எல்லா எடுத்துக்காட்டிலும் ‘சலாமாத் போ’ (நன்றி) போல அது கடைசியில் வருகிறது. அதைப் பார்க்கும் பிள்ளை, அது என்ன என்று கேட்க ‘ஆனோ இயோன் போ’ என்கிறது. சரியானது ‘ஆனோ போ இயோன்’. நலம் விசாரிக்கும் ஓர் அட்டையில் ‘குமுஸ்தா கா போ’ என்றே அச்சாகியிருக்கிறது. ‘கா’ என்பது நீ. பெரியவரிடம் ‘நீங்கள்’ என்னும் ‘கயோ’ சேர்த்து ‘குமுஸ்தா போ கயோ’ என்றுதான் கேட்பார்கள். பேனாவால் திருத்திவிட்டுக் கொடுங்கள். ‘ஓபோ’ ஆம் என்ற பதிலுக்கு மட்டும் என்பதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே கடக்கும்போது குனிந்து, கையை முன்னே நீட்டி, ‘மாகிகிராஆன் போ’ (கொஞ்சம் வழிவிடுங்கள்) சொல்லும் அட்டை அருமை.

தகாலோக் பேசும் வீடுகளுக்கு வாங்கலாம். பிலிப்பைன்ஸின் செபுப் பகுதி மொழியான செபுவானோ பேச்சில் போவும் ஓபோவும் கிடையாது என்பதால், செபுப் பக்கத்து வீடுகளுக்கு மானோ அட்டைகளைத் தவிர மற்றவை அதிகம் உதவாது.