நான்காவது ஸ்பிரிங்: ஏற்காட்டில் ஒரு ஏர் ரைஃபிளோடு ஏழு வருடம்

போன வாரம் ஆத்தூரிலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர வேண்டும் என்று ஆசை. "அண்ணா, நீங்க வெச்சிருக்கற அதே மாடல் வெல எறங்கியிருக்குது. வாங்கிரட்டுங்களா?" என்று கேட்டான். ஒரு போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. இதே மாடலை வாங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

2018-ல் வாங்கினேன். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, ட்ரிகரை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அமுக்குகிற காற்று குண்டைத் தள்ளும். குண்டு 0.177 அங்குலம். பறவை, அணில் எதன் மீதும் நீட்டியதில்லை, நீட்டவும் கூடாது. காப்பிக் களத்தின் கோடியில் மண்மேடு, அதற்கு முன்னால் மணல் நிரப்பிய பெட்டி, அதன் மேல் அட்டை. தூரம் பத்து மீட்டர், டேப் வைத்து அளந்தது. அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், குண்டோ நாலரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியை மறைத்தபடி ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்த காலைகள் எனக்கு உண்டு. பேரலைக் குறை சொல்ல வாயே வராது. ட்ரிகரும் அப்படித்தான், பழகப் பழக விரலுக்கு அடங்கிவிட்டது.

ஆனால் ஸ்பிரிங்!

முதல் ஸ்பிரிங் 2019 கார்த்திகையில் உடைந்தது. பேரலை மடக்கும்போது பாதியில் 'கறக்' என்று ஒரு சத்தம், அதன்பின் குண்டு அட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றது. வாங்கிய இடத்திலேயே புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது 2021 மார்கழியில் போனது. மறுபடியும் அதே இடம், அதே ஸ்பிரிங். ஏன் உடைகிறது என்று ஒரு வார்த்தை அவர்களும் சொல்லவில்லை, உடைந்த துண்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்விட்டு வெறுங்கையோடு ஏறி வருகிற கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மூன்றாவதுக்கு நானே வேறு வழி பார்த்தேன். சேலம்தானே எஃகு ஊர் என்று செவ்வாய்பேட்டைப் பக்கம் விசாரித்து, துருவே பிடிக்காது என்று எவர்சில்வர் கம்பியில் ஸ்பிரிங் சுற்றி வாங்கினேன். அது உடையவில்லை, மூன்றே மாதத்தில் தளர்ந்து குட்டையாகிவிட்டது. பாத்திரத்துக்கு நல்லதெல்லாம் ஸ்பிரிங்குக்கு நல்லதாகிவிடாது. திரும்பவும் கம்பெனி ஸ்பிரிங்கே போட்டேன். 2022 ஐப்பசியில் அதுவும் போயிற்று.

கார்த்திகை, மார்கழி, ஐப்பசி. மூன்றும் பனிமூட்டக் காலம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரக் குளிரில் இரும்பு நொறுங்குகிறது என்றே நினைத்தேன். சேலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் உடைந்த ஸ்பிரிங்கோடு ரைஃபிளையும் கொண்டுபோய்க் காட்டி இதைச் சொன்னேன். "உங்க ஊரு குளிருக்கெல்லாம் இரும்பு ஒடையாதுங்க தம்பி" என்றார். ஒரு லென்ஸை எடுத்து உடைந்த முகத்தைக் காட்டினார். கம்பியின் கனம் மூன்று மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன வட்டத்தில் பாதி மழமழவென்று கருத்திருந்தது, மீதிப் பாதி சர்க்கரை உடைத்தது மாதிரி பளபளத்தது. கருத்த பாதி என்றைக்கோ விரிசல் விட்டு உரசி உரசி வந்தது, பளபளப்பதுதான் கடைசி நாளில் உடைந்தது என்றார். விரிசல் தொடங்கிய இடத்தில் உட்பக்கமாக ஒரு தேய்மானக் கோடு. ஸ்பிரிங்குக்குள் போகிற கைடு கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் லூஸ். அதனால் ஒவ்வொரு சுடுதலிலும் ஸ்பிரிங் நெளிந்து அதில் இடித்திருக்கிறது. முனைகளையும் சப்பையாக அரைக்காமல் வெட்டியபடியே விட்டிருந்தார்கள். இது முழுக்கத் தயாரிப்புக் குறை.

அப்புறம் பிஸ்டனைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். "எண்ணெ கருகியிருக்குதே, யாரு ஊத்துனது?"

நான்தான். பனிக்காலம் தொடங்கினால் துருவுக்குப் பயந்து தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விடுவேன், பேரலின் பின்னால் இருக்கிற காற்றுத் துளையிலும் சேர்த்து. அதன்பின் சுட்டால் படார் என்று பட்டாசுச் சத்தம் வரும், பேரலை மடக்கினால் நீலப் புகை. பலம் கூடிவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறேன். உள்ளே நடந்தது வேறு. பிஸ்டன் பாய்ந்து காற்றை அமுக்கும்போது அந்தக் காற்று சூடாகிறது. அதில் எண்ணெய் ஆவி கலந்திருந்தால் டீசல் இன்ஜின் போலத் தானாகப் பற்றிக்கொள்கிறது. முன்னால் ஓடுகிற பிஸ்டனை அந்த வெடிப்பு பின்னால் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது ஸ்பிரிங். மூன்று முறையும் பனிக்காலத்தில் உடைந்ததற்குக் காரணம் என் எண்ணெய்க் குப்பி. கைடு கம்பி தொடங்கி வைத்ததை நான் முடித்து வைத்திருக்கிறேன்.

2023 தை மாதம், அந்த எவர்சில்வரைக் கணக்கில் சேர்க்காமல், நான்காவது ஸ்பிரிங் போட்டார். ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி, இரண்டு முனையும் அரைத்தது. உள்விட்டத்துக்கு நெருக்கமாகப் புது கைடு கடைந்தார். பழையதைவிட நீளமாகச் சுற்றச் சொன்னேன், மறுத்துவிட்டார். முழுதாக மடக்கும்போது சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கினால் அதுவும் உடையும் என்றார். பின்மூடியை அவர் கழற்றிய விதத்தைப் பார்த்த பிறகு, வீட்டில் யாரும் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். உள்ளே ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கிறது. கிளாம்ப் போடாமல் திறந்தால் முகத்துக்கு எகிறும்.

இப்போது எண்ணெய்த் துணி வெளி இரும்புக்கு மட்டும். பிஸ்டன் முனையில் இருக்கிற லெதர் வாஷர் காயாமல் இருக்க வருடத்துக்கு இரண்டு சொட்டு சிலிகோன் எண்ணெய், அதுவும் ராத்திரி விட்டு ஊற வைத்து. குண்டு இல்லாமல் சுடுவதே இல்லை. குண்டு இல்லாவிட்டால் காற்று ஓடிவிடும், பிஸ்டன் மெத்தை இல்லாத சுவரில் போய் மோதும். ஏற்றிய ரைஃபிளைச் சாத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் இல்லை. இந்தப் பழக்கங்களுக்குப் பிறகு மூன்று பனிக்காலம் போயிற்று, ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது. பட்டாசுச் சத்தம் போனதும் அட்டையில் ஓட்டைகள் இன்னும் நெருங்கின.

சரி, தம்பிக்குப் பதில். வாங்காதே. போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு இது ஆகாது. பத்து மீட்டர் போட்டியில் இன்றைக்குப் பெரும்பாலும் எல்லோரும் பிடிப்பது அழுத்தக் காற்று ரைஃபிள், காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைத்தது. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியதும் அப்படிப்பட்ட ரைஃபிளில்தான். அதில் இந்த ஸ்பிரிங் உதறல் கிடையாது. கிளப்பில் சேர்த்துவிடு, முதல் வருடம் அங்கே இருப்பதிலேயே சுடட்டும். புது ரைஃபிள் வாங்கி, அதற்குக் கைடு கடைய சூரமங்கலத்துக்கு அலைகிற பாடு உனக்கு வேண்டாம்.

அப்படியென்றால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள் என்று நேற்று மெசேஜ் போட்டிருக்கிறான். தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அழைத்துக்கொண்டு மேலே வா. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து குண்டு சுடட்டும். இறுக்கிப் பிடித்தால் குண்டு விலகும், உள்ளங்கையில் சும்மா உட்கார வைத்தால் நேராகப் போகும் என்பதை மட்டும் இதில் கற்றுக்கொண்டு போகட்டும்.