சட்டையில் க்யூஆரா, என்எஃப்சியா?

வேலூர் கோட்டைக்குள் காலையில் நடக்க வரும் நாங்கள் சிலர், ரத்த தானத்துக்காக ஒரே மாதிரி டி-ஷர்ட் அடிக்க முடிவு செய்தோம். சிஎம்சி மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏராளம். ரத்தம் வேண்டுமென்றால் யாரிடம், எந்த மொழியில் கேட்பது என்று தவித்து நிற்பார்கள். சட்டையை ஸ்கேன் செய்தால் எங்களைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் என்எஃப்சி சில்லு, அதாவது போனை அருகே கொண்டுபோனாலே அதற்குத் தகவல் தரும் சின்ன சில்லு. காசு அளவுதான், கைமடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடலாம். பேட்டரி வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஆனால் போனை நாலு சென்டிமீட்டர் அளவுக்கு ஒட்டிக் கொண்டுவந்தால்தான் பிடிக்கும். முன்பின் தெரியாதவர் அப்படிக் கையை உரசுவதா? எங்களோடு நடக்கும் அக்கா ஒருவர் "இது வேண்டாம்பா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. அதோடு, விலை குறைந்த போன்கள் பலவற்றில் என்எஃப்சியே கிடையாது.

க்யூஆர் 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் பிறந்தது, வண்டி உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. அழிந்த பகுதியை ஈடுகட்டும் பிழைதிருத்த அளவை உயர்த்தி உருவாக்கினால் சுமார் 30% அழிந்தாலும் படிக்கும். துவைத்துச் சாயம் உரிந்தால்கூடத் தாங்கும். தாங்காதது துணி இழுபடுவதைத்தான். எங்கள் முதல் மாதிரியை நெஞ்சில் அச்சடித்தோம். மேசையில் விரித்தால் உடனே படித்தது; போட்டுக்கொண்டதும் பனியன் துணி வளைந்து கட்டங்கள் கோணிக்கொண்டன, போன் திணறியது. பெண்களின் நெஞ்சுக்கு நேரே போனை நீட்டுவதும் யாருக்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் முதுகில், தோள்களுக்கு நடுவே, பத்து சென்டிமீட்டர் சதுரமாக அடித்தோம். அங்கே துணி தட்டையாக நிற்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்றே படிக்கலாம். டீக்கடை வரிசையில் பின்னால் நிற்பவர் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! சிவப்புத் துணிதான் வேண்டும் என்றார்கள், சரி. ஆனால் க்யூஆர் மட்டும் வெள்ளைப் பட்டையில் கறுப்பாக, சுற்றிலும் நாலு கட்ட அளவு வெள்ளை விட்டு.

முதுகில் இருப்பதால் யார் ஸ்கேன் செய்தார் என்று நமக்குத் தெரியாது. அதனால் க்யூஆருக்குள் யாருடைய போன் எண்ணையும் வைக்கவில்லை. தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் ஒரு சின்னப் பக்கம் திறக்கும். அந்த வாரம் பொறுப்பில் இருப்பவரின் எண் மட்டும் அதில் இருக்கும். ஆள் மாறினால் பக்கத்தைத் திருத்தினால் போதும், சட்டை அப்படியே இருக்கும்.