50 நானோமீட்டர் பீட்டா சிலிக்கான் கார்பைடு தூள்: யாருக்குப் பயன், யாருக்கு வீண்?

சிலிக்கான் கார்பைடு கடினமான செராமிக் செய்ய உதவும் பொருள்; பீட்டா, ஆல்ஃபா என்பவை அதன் படிக வடிவங்கள். டப்பாவின் மேல் 50 நானோமீட்டர் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி இந்த பீட்டா தூளை வாங்க வேண்டாம். முதலில் சான்றிதழில் உள்ள மேற்பரப்பளவைப் பாருங்கள். துகள் உருண்டை என்று கொண்டு, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.21 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிராமுக்குச் சுமார் 37 சதுர மீட்டர் வர வேண்டும். 20தான் என்றால் துகள் 90 நானோமீட்டரைத் தாண்டிவிட்டது, அல்லது இறுகிப்போன கட்டிகளாகக் கிடக்கிறது.

அடுத்தது ஆக்ஸிஜன். இந்தத் தூளின் உண்மையான விலை இதுதான். 50 நானோமீட்டர் துகள் மீது 1 நானோமீட்டர் சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) படிந்தாலே ஆக்ஸிஜன் எடையில் 4 சதவீதத்தைத் தாண்டும். அதே படலம் அரை மைக்ரான் துகளில் அரை சதவீதம்கூட வராது. ஆக்ஸிஜன் அளவைச் சொல்லாத சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

போரான், கார்பன் சேர்த்து 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சின்டர் செய்பவருக்கு, அதாவது தூளைச் சூட்டில் இறுக்கிக் கெட்டியாக்குபவருக்கு, இந்தத் தூள் வீண். ஒவ்வொரு கிராம் ஆக்ஸிஜனையும் வெளியேற்ற 1.1 கிராம் கார்பன் போகும். குறைந்தால் அடர்த்தி ஏறாது, மிஞ்சினால் கிராஃபைட்டாகத் தங்கி விரிசலுக்கு இடம் கொடுக்கும். அந்தச் சூட்டில் பீட்டா ஆல்ஃபாவாக மாறி கிரெயின்கள் (செராமிக்கின் உள்ளே இருக்கும் சிறு படிகங்கள்) மைக்ரான் கணக்கில் வளர்ந்துவிடுவதால் நானோ தூள் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

அலுமினா (அலுமினிய ஆக்சைடு), இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்து, அவை உருகிய திரவத்தின் உதவியால் சின்டர் செய்யும் திரவநிலை முறையில் கதையே வேறு. எடையில் 6 பங்கு அலுமினா, 4 பங்கு இட்ரியா, மீதி 90 பங்கு தூள். இந்த இரண்டு ஆக்சைடு மட்டும் இருந்தால் உருகச் சுமார் 1800 டிகிரி வேண்டும். தொல்லையாக இருந்த சிலிக்கா இங்கே கலந்து, 1400 டிகிரியை ஒட்டியே திரவம் தோன்ற வைக்கிறது. அதனால்தான் இரு கட்டச் சூடு சாத்தியமாகிறது: அழுத்தத்தில் 1750 டிகிரியைத் தொட்டவுடன் 1650க்கு இறக்கிச் சில மணி நேரம் நிறுத்தினால், துளைகள் மூடும், கிரெயின் அதிகம் வளராது. 2000ஆம் ஆண்டில் சென், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் இட்ரியாவில் காட்டிய வழியின் நீட்சிதான் இது.

அரைப்பதற்கு ஐசோபுரொப்பனாலும் சிலிக்கான் கார்பைடு உருண்டைகளும்தான் சரி. தண்ணீர் ஆக்ஸிஜனைக் கூட்டும், சிர்கோனியா உருண்டை தேய்ந்து கலக்கும். தட்டில் ஊற்றி அடுப்பில் காய வைத்தால் கட்டி கல்லாகிவிடும்; சுழல் ஆவியாக்கியில் உலர்த்திச் சலிக்க வேண்டும். தூள் பஞ்சாகப் பறக்கும், முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

20 மில்லிமீட்டர் கிராஃபைட் அச்சில் 5 மில்லிமீட்டர் தடிமன் வில்லைக்கு 5 கிராமுக்குச் சற்று மேல் போதும். அதில் 50 மெகாபாஸ்கல் அழுத்தம் வர 15.7 கிலோநியூட்டன் விசை வேண்டும். முழு அழுத்தத்தையும் தொடக்கத்திலேயே கொடுத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே அடைபட்டு வில்லை உப்பும். 1400 டிகிரி வாக்கில் வெற்றிடத்தில் அரை மணி நிறுத்தி, வாயு அடங்கிய பிறகு அழுத்தலாம். பைரோமீட்டர் (தொடாமல் வெப்பநிலை அளக்கும் கருவி) பார்ப்பது அச்சின் வெளிச்சுவரைத்தான், தூள் அதைவிடச் சூடாக இருக்கலாம்.

கடைசியில் பலர் சறுக்குவது அடர்த்திக் கணக்கில். இந்தக் கலவையின் முழு அடர்த்தி 3.30. ஆர்க்கிமிடீஸ் முறையில், அதாவது நீரில் மூழ்க வைத்து எடைபோட்டு, அளந்து 3.21 வந்தால் அது நூறு அல்ல, 97 சதவீதம். எக்ஸ்ரே விளிம்புவிலகல் கோட்டின் அகலத்தை வைத்து கிரெயின் அளவு சொல்வதும் ஏமாற்றும்: பீட்டாவின் அடுக்குப் பிழைகளும் (அணு அடுக்குகள் வரிசை தவறிய இடங்கள்) கோட்டை அகலமாக்குவதால், கிரெயின் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாமல் நானோ செராமிக் என்று பெயர் வைக்க முடியாது.