பழைய ஆட்டோமேட்டிக் ஃபார்ச்சூனரில் ஜிப்ஸியை இழுத்துப் போவது: சில வருட அனுபவம்

இழுக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நன்றாகவே இழுக்கும். என்னுடையது 2012 ஃபார்ச்சூனர் 3.0, ரெண்டு வீல் டிரைவ், நாலு கியர் ஆட்டோமேட்டிக். 171 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), அதுவும் 1400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். பின்னால் டிரெய்லர், அதன்மேல் மாருதி ஜிப்ஸி என்கிற சின்ன ஜீப். வின்ச் (சேற்றில் மாட்டினால் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி), இரும்பு பம்பர், பெரிய டயர் எல்லாம் சேர்த்து ஜிப்ஸி 1100 கிலோவைத் தொடும், டிரெய்லர் ஒரு 450. ஓசூர் தாண்டிவிட்டால் பின்னால் ஒன்று வருகிறது என்பதே சில நேரம் மறந்துபோகும். தலைவலி எல்லாம் கியர்பாக்ஸ் சூட்டிலும் பிரேக்கிலும்தான்.

ஜிப்ஸியையே ஓட்டிக்கொண்டு போகலாமே என்பீர்கள். ஜிப்ஸியை மலைப்பாதையில் ஓட்டத்தான் போகிறோம், ஆனால் பெங்களூரிலிருந்து தேனிப் பக்கம் நானூறு கிலோமீட்டருக்கு மேல், ஏசி கிடையாது, லீஃப் ஸ்பிரிங், மட் டயர் போடும் சத்தம் வேறு. மலையில் ஏதாவது உடைந்தால் திரும்பி வர வண்டியும் இருக்காது.

சும்மா இரும்புக் கம்பியைக் கோத்து நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழுதான வண்டியை இப்படி இழுப்பதற்கே இங்கே வேக வரம்பு 25 கிலோமீட்டர், ரெண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, பின்வண்டி ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடுகிற வண்டியை நெடுந்தூரம் கொண்டுபோக முறையாகப் பதிவு செய்த டிரெய்லர்தான் வழி.

இப்போது கியர்பாக்ஸ். பாரத்தோடு D-யில் போட்டுவிட்டு 75-இல் போனால் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் நாலிலிருந்து மூன்று, மறுபடி நாலு, மறுபடி மூன்று என்று அலைபாயும், ஒவ்வொரு தடவையும் டார்க் கன்வர்ட்டரின் (இஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் விடுபட்டு வழுக்கும், அந்த வழுக்கல் முழுக்கச் சூடாகி ஆயிலில்தான் போய் இறங்கும். அதனால் பாரம் இருக்கும்போது எனக்கு நாலாவது கியரே கிடையாது. லீவரை மூன்றிலேயே வைத்துவிட்டு, இஞ்சின் கொஞ்சம் சத்தம் போட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். ரேடியேட்டருக்கு முன்னால் கியர் ஆயிலுக்குத் தனியாக ஒரு கூலர் போட்டிருக்கிறேன், வண்டியின் கம்ப்யூட்டரில் செருகும் ஓபிடி கருவி வழியாக ஆயில் சூட்டை போனில் பார்த்துக்கொள்கிறேன். சமதளத்தில் 85, 90 டிகிரி. ஏற்றத்தில் 105. 115-ஐ நெருங்கினால் ஓரங்கட்டி, P-யில் போட்டு இஞ்சினை ஓடவிடுவேன், அணைக்க மாட்டேன், அணைத்தால் ஆயில் கூலருக்குப் போவது நின்றுவிடும். உண்மையில் அதிகம் சூடேறுவது மலையில்கூட இல்லை, பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போதுதான். விடியற்காலை நாலு மணிக்கே கிளம்புவது இதற்காக.

ஆயில் விஷயத்தில் என் கண்ணைத் திறந்தவர் கலாசிபாளையத்தில் ஒரு வயசான மெக்கானிக், வேலூர்க்காரர். வடித்த ஆயிலில் ரெண்டு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு நீட்டினார். "சார், கலரைப் பாக்காதீங்க, மோந்து பாருங்க. கருகல் வாடை வந்திருந்தா நீங்க என்கிட்ட பேசுற பேச்சே வேற." அன்றைக்குக் காகிதத்தில் படர்ந்தது மங்கின சிவப்பு, வாடை இல்லை. இப்போது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்ற பேச்சு பாரம் இழுக்கிற வண்டிக்குப் பொருந்தாது.

தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது இறக்கம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுகிற இடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டோமேட்டிக் டீசல், காலை எடுத்ததும் மேனுவல் மாதிரி இழுத்துப் பிடிக்காது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, 40-க்கு வந்து, ரெண்டாவது கியரில் போட்டுவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் மூன்று டன்னுக்கு மேல் உள்ள மொத்தப் பாரத்தையும் பிரேக் மட்டுமே சுமக்கும். டிரெய்லரில் இருப்பது, முன்வண்டி வேகம் குறைந்து பின்னால் இருப்பது தள்ளும்போது தானாகவே பிடிக்கும் வகைப் பிரேக். சமதளத்தில் அருமை. நீண்ட இறக்கத்தில் தள்ளிக்கொண்டே இருப்பதால் விடாமல் உரசி டிரம் கொதித்துவிடும். அடிவாரத்தில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேன். நாலும் ஒரே சூடென்றால் பிரேக் வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் அனலடித்தால் பேரிங்கில் கிரீஸ் போயிருக்கலாம், அல்லது அந்தச் சக்கரத்து பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். பிரேக்கே இல்லாத மலிவு டிரெய்லர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம், ஜிப்ஸியோடு என் டிரெய்லர் அதைப்போல ரெண்டு மடங்கு.

ஜிப்ஸியை ஏற்றும் இடம் முக்கியம். மொத்த டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது ஃபார்ச்சூனரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். பின்பாரம் கூடினால் 70-இல் வால் ஆட ஆரம்பிக்கும், அப்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விடணும். பழைய இரும்புக் கடைத் தராசில் டிரெய்லரின் கொக்கி முனையை இறக்கி எடை பார்த்து, 160 கிலோ வந்த இடத்தில் டிரெய்லர் பலகையில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முன்சக்கரம் அந்தக் கோட்டில் நின்றால் சரி. ஜிப்ஸியை டிரெய்லரோடு பிணைக்கும் பட்டைகளைச் சக்கரத்தில் கட்டுங்கள், பாடியில் வேண்டாம். ஓசூரில் டீ குடிக்கும்போது ஒருமுறை இறுக்கினால் போதும், அதற்குள் தளர்ந்திருக்கும்.

மைலேஜ் தனியாகப் போனால் 10, இழுத்தால் ஆறரை, ஏழு.

அப்புறம் டோல். சென்சார் டிரெய்லர் அச்சையும் சேர்த்து எண்ணிவிட்டால் கார் கட்டணத்துக்குப் பதில் லாரி கட்டணம் பாஸ்டேக்கில் கழிந்துவிடும், பூத்தில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை, பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பேசாமல் தாண்டிப் போய் நிறுத்தி, வந்த எஸ்எம்எஸ்ஸை எடுத்து வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு போன் போட்டுப் புகார் பதிவு செய்யுங்கள்.