சான்டா ஃபே ரயில் தட்டு என்று என்னிடம் விற்கப்பட்ட போலி

அமெரிக்காவின் பழைய உணவகப் பீங்கான்களைச் சேகரிப்பவர்கள், குறிப்பாக ரயில் நிறுவனங்களின் சின்னம் பொறித்த தட்டுகளைத் தேடுபவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்ற மாதம் இணைய ஏலத்தில் 185 டாலருக்கு சிராக்யூஸ் என்ற அமெரிக்கப் பீங்கான் ஆலையின் தட்டு ஒன்றை வாங்கினேன். நடுவில் சான்டா ஃபே என்ற அமெரிக்க ரயில் நிறுவனத்தின், வட்டத்துக்குள் சிலுவை அமைந்த சின்னம். ரயிலின் உணவுப் பெட்டியில் வேலை பார்த்த தாத்தா விட்டுச்சென்றது என்று விற்றவர் எழுதியிருந்தார். முன்பக்கத்துக்கு ஐந்து படங்கள் போட்டவர், பின்பக்கத்துக்கு மங்கலான ஒரே படம் போட்டிருந்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தட்டு கனமானது, உண்மையிலேயே பழையது. போலியாக இருந்தது சின்னம்தான். இவ்வகைப் பீங்கானில் பெரும்பாலும் படத்தை முதலில் பதித்து, அதன்மேல் கண்ணாடிப் பூச்சிட்டுச் சூளையில் சுடுவார்கள். எனவே கத்தியும் முள்கரண்டியும் உண்டாக்கிய கீறல்கள் படத்துக்கு மேலே ஓட வேண்டும். என் தட்டை விளக்கருகே சாய்த்துப் பார்த்தபோது, கீறல்கள் சின்னத்தின் விளிம்புவரை வந்து, அதன் அடியில் புகுந்து, மறுபக்கம் வெளிப்பட்டன. நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஓர் ஓரத்தில் தேய்த்தேன், பஞ்சு நீலமாயிற்று.

சிராக்யூஸ் ஆலை, தயாரித்த காலத்தைப் பின்பக்க முத்திரையில் குறியீடாக இட்டு வந்தது. சேகரிப்பாளர்களின் அட்டவணையோடு ஒப்பிட்டபோது 1974 என்று வந்தது. சான்டா ஃபேயோ தன் பயணிகள் ரயில்களை 1971 மே 1 அன்றே அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கிடம் ஒப்படைத்துவிட்டது. இல்லாத உணவுப் பெட்டிக்குத் தட்டு எதற்கு?

விற்றவரிடம் கேட்டதற்கு, "பழைய தட்டு என்றேன், பழைய தட்டுதானே வந்தது?" என்று பதில் வந்தது. ஏலத் தளத்தில் முறையிட்டேன். நான் பஞ்சால் தேய்த்த இடத்தையே சேதம் என்று காட்டி, பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள். திரவத்தைத் தொட்டது என் அவசரம். சாய்வொளியில் கீறல்களைப் படமெடுத்து, குறியீட்டையும் இணைத்து முதலில் முறையிட்டிருந்தால் வழக்கு என் பக்கம் நின்றிருக்கும். பின்பக்க முத்திரையின் தெளிவான படத்தைத் தர மறுப்பவரிடம் ஏலம் கேட்கவே வேண்டாம்.

அதே விற்பனையாளர் இந்த வாரம் அதே சின்னத்துடன் ஒரு கோப்பையை ஏலத்துக்கு வைத்திருக்கிறார். அதன் அடிப்பக்கப் படம் இன்னும் வரவில்லை.