ஊட்டியில் ‘அசல் கடல் பாட்டு’ பென் டிரைவ் வாங்கப் போகிறவர்களுக்கு

கமர்ஷியல் ரோட்டில் தைலம், வர்க்கி, சாக்லேட் விற்கும் ஒரு கடையில் பாய்மரக் கப்பல் படம் போட்ட அட்டையில் பென் டிரைவ் தொங்குகிறது. ‘பாரம்பரிய மாலுமிப் பாட்டுகள், 60 அசல் பதிவுகள்’ என்று தங்க எழுத்து வேறு. விலை 750 ரூபாய். வாங்கிவிடாதீர்கள்.

ஷாண்டி, அதாவது பாய்மரக் கப்பலில் மாலுமிகள் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டு, கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. நம் ஊரில் கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டுக்கு அது பங்காளி. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுகிற இடத்தில் கயிற்றில் இழுப்பு விழும். பாய் ஏற்றும் பாட்டு விட்டுவிட்டு இழுப்பதற்கு. நங்கூரம் தூக்கும் பாட்டு, நங்கூரக் கயிறு சுற்றும் உருளையைத் தள்ளிக்கொண்டு நிற்காமல் நடப்பதற்கு. வேலைக்குத் தக்கபடிதான் வேகம்.

இந்தத் தொகுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே டிரம் மெஷின். பாய் ஏற்றும் பாட்டைக் குத்துப்பாட்டு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அப்படி இழுத்தால் உள்ளங்கைத் தோல் மிஞ்சாது. கூட்டமாகப் பாட வேண்டிய இடத்தில், ஒரே குரலை நாலு தடவை பதிந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். 7-ஆவது பாட்டும் 31-ஆவது பாட்டும் பெயர்தான் வேறு. இரண்டிலும் மூன்றாவது அடி முடிகிற அதே இடத்தில் அதே ஆள் செருமுகிறார்! இப்படித் திரும்ப வருகிறவற்றைக் கழித்தால் தேறுவது 41.

‘ஃபிட்லர்ஸ் கிரீன்’ பாட்டுக்கு ‘ஆசிரியர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். அதை 1960-களில் எழுதியவர் இங்கிலாந்தின் ஜான் கானொலி. நல்ல பாட்டு, ஆனால் பாய்மரக் காலத்துப் பாட்டு இல்லை. 2021 ஜனவரியில் இணையமெங்கும் ஓடிய ‘வெல்லர்மேன்’தான் முதல் பாட்டு. அது நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களைப் பற்றிய கதைப்பாட்டு; கயிறு இழுக்கிற பாட்டே இல்லை.

பெரிய புளுகு அந்த ‘அசல்’தான். நீராவிக் கப்பலும், கயிறு இழுக்கும் இயந்திரமான வின்ச்சும் வந்ததும் இந்தப் பாட்டுகளுக்குக் கப்பலில் வேலை போய்விட்டது. கப்பலில் நிஜமாகவே பாடி வேலை பார்த்தவர்கள் குரலில் கிடைப்பவை கொஞ்சம்தான். ஸ்டான் ஹ்யூகில் அப்படி ஒருவர். 1929-இல் உடைந்த ‘கார்த்பூல்’ பாய்மரக் கப்பலில் பாடியவர், 1992-இல் இறந்தார். உருப்படியான தொகுப்பு என்றால் யார் பாடியது, எங்கே, எந்த வருடம் பதிந்தது என்று பாட்டுவாரியாகச் சொல்லும். இதன் அட்டைப் பின்பக்கத்தில் பாட்டு வரிசையும் பார்கோடும் தவிர ஒன்றுமில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “பாட்டு ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார் கடைக்காரர். அட்டையில் உள்ளதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டினால், “கம்பெனிக்காரன் கொடுக்கறது, நாங்க என்ன பண்றது?” சரி என்று நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டேன். பில் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், ‘கிஃப்ட் ஐட்டம் - 1’ என்று மட்டும் இருக்கிறது. புகார் பதிவாகியிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் கண்ணில் இது கட்டாயம் படும். அப்படியும் ஆசையாக இருந்தால் கடையிலேயே நாலைந்து பாட்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள். பில்லில் பொருளின் பெயரை முழுசாக எழுதி வாங்குங்கள்.